ஊசி இடது பக்கம் சாய்ந்தால்

ஒலிங்கா விமானங்களைப் பழுது பார்ப்பவள். ஆனால் விமானத்தில் ஏற மாட்டாள். எங்கே போனாலும் கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி. இதை வைத்து நுனாபிக்கில் யாரும் அவளைக் கேலி செய்வதில்லை. கேலி செய்யாத விஷயமே இல்லாத ஊர் அது. இந்த ஒன்றில் மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

காரணம் அவள் புருஷன் கஸ்டி. விமானம் ஓட்டியவன், கூடவே பழுதும் பார்த்தவன். அலாஸ்காவில் ஆற்றோரத்துச் சின்ன ஊர்களின் ஓடுதள விளக்குகளை விமானிதான் எரியவிட வேண்டும். மேலே வந்து ரேடியோ பொத்தானை நாலைந்து தடவை அழுத்தினால் கீழே விளக்கு வரிசையாக எரியும். கஸ்டி திரும்பி வந்த அந்தியில் அவன் விமானத்தில் மின்சாரம் செத்துப்போயிருந்தது. எஞ்சினுக்கு அந்த மின்சாரம் வேண்டாம். அது தன்பாட்டுக்கு ஓடும். ரேடியோவுக்கு வேண்டும். அவன் ஊருக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்ததை எல்லாரும் கேட்டார்கள். பனிவண்டிகளின் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடுதளத்துக்கு ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் சத்தம் ஆற்றுப் பக்கம் போய் நின்றுவிட்டது. எஞ்சின் கடைசிவரை நன்றாகத்தான் ஓடியது. அதைத்தான் ஒலிங்காவால் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலையை விடுவாள் என்று நினைத்தார்கள். அவளோ இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். அவள் வேலை செய்யும் விமானக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு: விமானத்தில் கை வைத்தவர், பழுது பார்த்த பிறகு முதல் பறப்பில் கூடவே உட்கார வேண்டும். சரியாக முடுக்காத திருகாணிக்கு முடுக்கியவனும் சேர்ந்து பதில் சொல்லட்டும் என்பதுதான் அதன் பொருள். ஒலிங்காவுக்கு மட்டும் விலக்கு. அவள் கேட்கவில்லை; அவர்களாகக் கொடுத்தது.

இந்த வருஷம் ஆறு உறையத் தொடங்கிய வாரத்தில் எலியஸின் விமானம் மக்கர் செய்தது. எலியஸ் அவளுடைய அக்கா மகன். தபாலும் ஆட்களும் ஏற்றிப் போகிறவன். முன்பலகையில் ஒரு சின்ன ஊசி உண்டு. பேட்டரிக்கு மின்சாரம் ஏறினால் வலது பக்கம் நிற்கும், பேட்டரியிலிருந்து போய்க்கொண்டே இருந்தால் இடது பக்கம் சாயும். அது இடது பக்கம் சாய்ந்தது.

ஒலிங்கா பெல்ட்டை மாற்றினாள். தரையில் ஓட்டிப் பார்த்தால் ஊசி வலது பக்கம் கம்பீரமாக நின்றது. எலியஸ் மேலே போனான், மறுபடி இடது. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரை மாற்றினாள். தரையில் சரி, மேலே இடது. அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினாள். அப்போதும் அதே கதைதான்.

“இது என்னைப் பார்த்தாத்தான் மொறைக்குது சித்தி,” என்றான் எலியஸ். “கீழ ஒங்ககிட்ட நல்ல புள்ள மாதிரி நடிக்குது.”

“நீ ஏதாவது சுவிட்ச தப்பா போட்டிருப்ப.”

“ஆமா, நேத்துதான ஓட்டக் கத்துக்கிட்டேன்.”

எண்ணெய் பீப்பாயின் மேல் உட்கார்ந்து காய்ந்த சால்மனை மென்றுகொண்டிருந்த பவில்லா கிழவர் சிரித்தார். ஒலிங்கா சிரிக்கவில்லை. அவள் மகள் நடாலியாவுக்கு மாசம் நெருங்கிவிட்டது. இந்தப் பக்கத்தில் கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் பறந்து போய் அங்கேயே தங்கிவிடுவார்கள். நடாலியாவின் முறை இந்த வாரம். ஆற்றில் பனிக்கட்டி நகர்ந்துகொண்டிருந்தது, படகு போகாது. கெட்டியாக உறையவும் இல்லை, பனிவண்டியும் போகாது. ஊரின் இன்னொரு விமானம் கடற்கரை ஊரில் சக்கரம் உடைந்து கிடந்தது. ஆக இதுதான். இந்த ஊசிதான்.

ஒலிங்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சத்தம் தலைக்கு மேலே சுற்றியது.

“மேல போனாத்தான் கெடுதுன்னா, மேல போய்த்தான் பாக்கணும்,” என்றார் பவில்லா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, மீனைப் பார்த்துச் சொன்னார்.

“நான் மின்சாரம் பாக்கற மீட்டர புடிச்சிட்டு ஓட்ட முடியாது சித்தி. வேணும்னா எப்பிடி பாக்கறதுன்னு இவருக்குச் சொல்லிக் குடுங்க.”

“எனக்கா? எனக்குக் கண்ணாடி போட்டாலும் மீன் முள்ளே தெரியல,” என்றார் கிழவர்.

ஒலிங்கா எஞ்சின் மூடியைத் திறந்தாள். ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றினால் மின்சாரம் தராது. ரெகுலேட்டரிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வழியாக அதற்குக் கொஞ்சம் மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருந்தால்தான் அது நிறையத் திருப்பிக் கொடுக்கும். அந்த ஒயரின் இரண்டு முனையிலும் நீளமான சோதனைக் கம்பிகளை மாட்டி, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரின் துளை வழியாக உள்ளே இழுத்தாள். பிறகு இருக்கையில் ஏறி, வாரை இறுக்கி, இன்னும் இறுக்கி, மூச்சு முட்டும்வரை இறுக்கினாள்.

எலியஸ் கேலி செய்யவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சக்கரம் தரையை விட்டபோது அவள் மீட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே பார்க்கவில்லை. மடியில் இருந்த மீட்டரை மட்டும் பார்த்தாள். இரண்டு முனையிலும் மின்சாரம் இருந்தது. ஊசி வலது பக்கம். எலியஸ் எஞ்சினை வேகப்படுத்தினான். விமானம் முழுக்க அதிர்ந்தது. ஊசி மெல்ல, யாரோ விரலால் தள்ளியது போல, இடது பக்கம் சாய்ந்தது.

இறக்குடா, இப்பவே இறக்கு என்று கத்த வாயெடுத்தாள். கஸ்டியும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை மாற்றி மாற்றித் தொட்டாள். ரெகுலேட்டர் முனையில் மின்சாரம் இருந்தது. ஆல்டர்னேட்டர் முனையில் ஒன்றும் இல்லை.

“நடுவுலடா,” என்றாள். “நடுவுல எங்கயோ அறுந்திருக்கு.”

“எறங்கலாமா சித்தி?”

“கேள்வி கேக்காத. எறக்கு.”

கீழே வந்து அந்த ஒயரைக் கழற்றி விரலால் தடவிக்கொண்டே போனாள். மேலுறை எங்கும் கிழியவில்லை. ஓரிடத்தில் மட்டும் காய்ந்த சுள்ளி போல விறைத்திருந்தது. மடக்கினாள், சொடுக்கென்று உடைந்தது. உள்ளே செம்பு கறுத்து, எப்போதோ அற்றுப்போய், முனையோடு முனை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சும்மா இருந்தால் ஒட்டும், அதிர்ந்தால் விலகும். தரையில் எத்தனை நாள் பார்த்தாலும் சிக்கியிருக்காது.

அங்கே மட்டும் ஏன் வெந்தது என்று பார்த்தபோதுதான் அவள் அப்படியே நின்றுவிட்டாள். குளிர்காலக் காலைகளில் எஞ்சினைச் சூடாக்காமல் ஓட்ட முடியாது. அடுப்பிலிருந்து வெங்காற்று வரும் குழாயை மூடிக்கு அடியில் செருகி வைப்பார்கள். மற்றவர்கள் எஞ்சின் லேசாகச் சூடானதும் எடுத்துவிடுவார்கள். ஒலிங்கா எடுக்க மாட்டாள். குழாயை மேலே முட்டும்வரை திணித்து, போதும் என்று விமானி கெஞ்சும்வரை விட்டு வைப்பாள். இன்னும் கொஞ்சம், எதற்கும் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம். அந்தக் குழாயின் வாய்க்கு நேரே இருந்தது அந்த ஒயர். எந்தப் பயத்தை விரட்ட அவள் தினமும் அப்படிச் செய்தாளோ, அந்தப் பயத்தையே தன் கையால் சமைத்து வைத்திருக்கிறாள்.

“என்ன ஆச்சு?” என்று கேட்டான் எலியஸ்.

“நான்தான்டா,” என்றாள். “நானே வேக வெச்சிட்டேன்.”

எலியஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் கையிலிருந்த ஒயரை வாங்கி, பார்த்து, குப்பையில் போட்டான். “புது ஒயர வேற பக்கமா கொண்டு போங்க சித்தி. நாளைக்கு ராத்திரி பனி கொட்டுமாம். நாளைக்குக் காலைல விட்டா அப்பறம் எப்ப கிளம்புவோம்னு தெரியாது.”

மறுநாள் காலையில் அவளே குழாயைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சினைத் தொட்டாள், சூடு போதும். கை குழாயை எடுக்க மறுத்தது. இன்னும் கொஞ்சம் என்று உள்ளுக்குள் ஒன்று மன்றாடியது. உதட்டைக் கடித்துக்கொண்டு உருவி எடுத்தாள்.

நடாலியா பெரிய அங்கியும் பெரிய வயிறுமாக, பனிக்காலணியைத் தேய்த்துத் தேய்த்து வந்தாள். பவில்லா அவள் பையைத் தூக்கிப் போட்டார். “புது ஒயர் போட்ட பெறகு மொத பறப்பு இதுதான,” என்றார் ஓடுதளத்தைப் பார்த்தபடி.

“தெரியும்ணே,” என்று சொல்லிவிட்டு ஒலிங்கா ஏறினாள்.

பின்னிருக்கையில் தாயும் மகளும் ஒட்டி உட்கார்ந்தார்கள். எலியஸின் தோளுக்கு மேலே ஊசி தெரிந்தது. விமானம் எழும்பியது. ஒலிங்கா ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வலது. அதிர்கிறது, வலதுதான். ஆறு வளைந்தது, மேகம் இறங்கியது, இன்னும் வலது. மனசுக்குள் அந்த ஒயரை முனையிலிருந்து முனைவரை தடவிக்கொண்டே போனாள்.

“அம்மா.”

“ம்.”

“அம்மா, எனக்குப் பயமா இருக்கு.”

“பயப்படாத. ஒயர் சரியா இருக்கு. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“ஒயரப் பத்தி இல்லம்மா,” என்றாள் நடாலியா. அவள் இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன. “கொழந்தையப் பத்தி. வலிய பத்தி. நான் செத்துருவேனோன்னு. ஒரு மாசமா தூங்கல. நீ விமானத்தப் பத்தியே பேசிட்டிருந்தியா, ஒங்கிட்ட சொல்லத் தோணல.”

ஒலிங்கா மகளைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். உதடு வெடித்திருந்தது. இத்தனை நாள் அதே வீட்டில், அதே மேஜையில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். எந்தக் கம்பியைத் தொட்டால் இது சரியாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, நீ பொறக்கறப்ப,” என்றாள். “ஒங்கப்பன் கையப் புடிச்சு நெரிச்சிட்டேன். ஒரு வாரம் அவரு ஸ்பேனரே புடிக்கல.”

நடாலியா சிரித்தாள், உடனே அழுதாள். ஒலிங்கா கையை நீட்டினாள். மகள் அதைப் பிடித்து, எலும்பு நொறுங்குமளவுக்கு அழுத்தினாள். ஒலிங்கா கையை எடுக்கவில்லை. இந்தக் கையை விடக்கூடாது, பிரசவ அறைவரை, அதற்குப் பிறகும். அது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

சக்கரம் தரையைத் தொட்ட பிறகு எலியஸ் திரும்பிப் பார்த்தான்.

“பாத்தீங்களா சித்தி? கடைசி வரைக்கும் சாயவே இல்ல.”

“எது?” என்றாள் ஒலிங்கா.