மடுல்கெல்லப் பயணமும் அடுப்பில் போட்ட இரண்டு தாள்களும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்து மாசி மாதம், கண்டியிலுள்ள எங்கள் மாதர் சங்கத்துக்காக மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போனேன். பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனை நாளில் மலைக்குக் கொழுந்தெடுக்கத் திரும்புகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவது என் வேலை. அனுமதி கேட்டுத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்குக் கடிதம் எழுதியபோது, "என் குறிப்புகளைத் தாங்கள் எப்போதும் பார்வையிடலாம்" என்று ஒரு வரி சேர்த்தேன். யாரும் கேட்காத வரி. மரியாதை கொஞ்சம் கூடிப்போயிற்று.

காலை ஏழு பத்து ரயிலில் வத்தேகமவுக்கு மூன்றாம் வகுப்பு இருபது சதம். அங்கிருந்து பஸ்ஸுக்கு நாற்பது சதம். வளைவுகளில் குடலைப் பிரட்டும், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இறங்கி இரண்டு மைல் ஏற்றம். மழை பெய்திருந்தால் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளான லயத்தில் ஒரு தாய் என்னை உட்காரவைத்துப் பேசினார். அவர் பெயரை இங்கும் எழுதமாட்டேன். பிரசவித்த பன்னிரண்டாம் நாளே கங்காணி மலைக்கு விரட்டியதையும், வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தை பாலுக்கு அழுது அழுது, காய்ச்சல் கண்டு இறந்ததையும் சொன்னார். அவர் அழவில்லை, நான் அழுதேன். கடைசியில் அவர்தான் என்னைத் தேற்றினார். வெட்கமாயிருந்தது.

"யாருகிட்டயும் காட்டிறாதீங்கம்மா. தெரிஞ்சா பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்தவிட்டே அனுப்பிருவாங்க."

"ஒருத்தருக்கும் காட்டமாட்டன்," என்றேன். நான் யாழ்ப்பாணத்துக்காரி; கண்டியில் இருபது வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை. ஆனால் தாளின் தலைப்பில் அவர் பெயரையும் அறை எண்ணையும் மையால் எழுதிவைத்திருந்தேன். முறையாக எழுதுகிறேனாம்!

திரும்பும்போது தோட்டத்து ஆபீசில் கணக்கப்பிள்ளை தேநீர் தந்தார். "துரை நோட்டப் பாக்கணும்ங்கிறாரு. நீங்கதானே எழுதியிருந்தீங்க?" என்று என் கடிதத்தையே நீட்டினார்.

"ஓம், நான்தான் எழுதினனான். உங்களுக்கு ஒரு வாக்குத் தந்தன், லயத்து ஆக்களுக்கு ஒரு வாக்குத் தந்தன். ரண்டையும் காப்பாத்தேலாது. உங்களுக்குத் தந்ததைத்தான் முறிக்கிறன்," என்று சொல்லி, எழுதிய இரண்டு தாள்களையும் கிழித்து, தேநீர்க் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டேன்.

இனித் தோட்டத்துப் பக்கம் வரவேண்டாம் என்று துரை சொல்லியனுப்பினார். "வெறும் நோட்டைக் கொண்டுவரவா இவ்வளவு செலவு?" என்றார் சங்கச் செயலாளர். ஆபீஸ்காரர்களுக்கோ வெறும் வாய்க்கு அவல் கிடைத்ததுபோலாயிற்று. கதை லயம் முழுக்கப் பரவியது.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு தோட்டத்து ஆட்கள் வத்தேகமச் சந்தைக்கு இறங்குவார்கள். பயப்பட வேண்டாம், எழுதியது சாம்பலாகிவிட்டது என்று அந்தத் தாயிடம் சொல்லத்தான் போனேன். அவரோ மூன்று பெண்களுடன் வந்து நின்றார்.

"நெருப்புல போட்டுட்டீங்களாமே. இவங்களும் சொல்லணுமாம். நோட்ட எடுங்க."

என் வாழ்க்கையில் அன்று பட்ட பெருமையை வேறெப்போதும் பட்டதில்லை.

இதே வேலையாகப் போகிறவர்கள் சந்தைக்கே போங்கள், ஆபீஸ் வாசலை மிதிக்கத் தேவையில்லை. கடிதத்தில் வாயை நீட்டாதீர்கள். எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுங்கள்; நான் அன்று சந்தையில் நால்வருக்கும் வாசித்துக் காட்டினேன். பெயர் எழுதாதீர்கள்.

"பேரு வேணாம்மா," என்றார் அந்தத் தாய். "ஆனா எம்புள்ளையப் பத்திச் சொன்னதுல ஒரு சொல்லுகூடக் கொறைக்காதீங்க."

குறைக்கவில்லை.