தனுஷியாவுக்குத் தெரியாத ஒரே சொல்

எங்கள் குடியேற்றத்தில் யாராவது ஆங்கில எழுத்துப் போட்ட சட்டை வாங்கினால், அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகுமுன் தனுஷியாவின் தையல் கடைக்கு ஒருமுறை போய் வருவார்கள். அவள் மெசினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, சட்டையில் இருப்பதை வாய்க்குள் படித்துப் பார்ப்பாள். பிறகு "போடலாம்" என்பாள். அல்லது "இதைப் போட்டுக்கொண்டு அம்மனுக்கு முன்னால நிக்காதீங்க" என்பாள். அதற்கு மேல் எவரும் வாய் திறப்பதில்லை.

அவள் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாது என்று சொன்னது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அதற்குக் காரணமான பாவி நான். ஆகவே இந்தக் கதையைச் சொல்ல வேண்டியவனும் நான்தான். என் பெயர் நல்லரத்தினம். வாவியில் இறால் பிடிப்பவன்.

நாங்கள் நாவலடிக்காரர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். சுனாமி அன்று கடல் எங்களைக் கடந்துதான் வாவிக்குள் போனது. தனுஷியாவின் அப்பா வினாயகமூர்த்தியும், அவர் கட்டிய வீடும், அவளுடைய தையல் மெசினும் அதோடு போயின. என் கூட்டாளி உதயரூபனின் தாய் போனார். எனக்குத் தோணி மட்டும்தான் போனது. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை இருத்தினார்கள். மூன்றாம் நாளிலிருந்து உடுப்பு மூட்டைகள் வரத் தொடங்கின. எந்தெந்த நாட்டு மகராசர்களோ மனமிரங்கி அனுப்பியவை, குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒவ்வொரு சட்டைக்குள்ளும் எங்களில் இரண்டு பேர் புகுந்து பாய் விரித்துப் படுக்கலாம். பனிக்குப் போடுகிற கம்பளிக் கோட்டுகள்கூட வந்தன. ஒரு பெரியவர் அதிலொன்றை மாட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் வீச்சுவலை வீசினார். அத்தனை துயரத்துக்குள்ளும் நாங்கள் முதல்முதலாகச் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

யாரோ ஒரு புண்ணியவான் தனுஷியாவுக்குக் கைமெசின் ஒன்று கொடுத்தார். அவள் பள்ளிக்கூட மாமரத்தின் கீழ் உட்கார்ந்து அந்தச் சட்டைகளை எங்கள் அளவுக்குச் சின்னதாக்கிக் கொடுத்தாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. ஆங்கிலம் பள்ளிக்கூடச் சாதாரண தரப் பரீட்சையில் மயிரிழையில் தேறிய ஆங்கிலம்தான்.

ஒருநாள் அன்னப்பூரணியக்கா, இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர், மஞ்சள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தண்ணீர் வரிசையில் நின்றார். அதில் பெரிய எழுத்தில் 'கெட்ச் த வேவ், பீ பிறேவ்' என்று இருந்தது. தனுஷியா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அலையைப் பிடி, துணிந்து நில். அவளுக்கு ஊசி கையிலேயே நின்றுவிட்டது. எழுந்து போனாள். "அக்கா, இது தையல் விட்டிருக்கு, தாங்க, வேற ஒண்டு தாறன்" என்று பூப்போட்ட சட்டையொன்றைக் கொடுத்து, மஞ்சளை வாங்கிக்கொண்டு வந்தாள். அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டாள்.

"அண்ணே, இனி அர்த்தம் தெரியாம ஒரு சட்டையிலயும் ஊசி வைக்க மாட்டன்" என்றாள். "யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுவன்."

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த முனாப் காக்கா (முஸ்லிம் சனம் அண்ணனைக் காக்கா என்பார்கள்) அவளுக்கு நூல்கட்டைகள் கொண்டுவந்து கொடுப்பவர். அவரிடம் அகராதி கேட்டாள். மகள் நஸ்ஹா படித்து முடித்த தடித்த அகராதியை அவர் அடுத்த வாரமே கொண்டுவந்தார். அதோடு அவள் அப்பியாசக் கொப்பி ஒன்றும் போட்டாள். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அர்த்தம். அந்தச் சட்டை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருப்பதையும் கண்டுபிடித்தாள். பாதிச் சட்டைகளில் சொற்கள் ஒரே ஓசையில் முடிந்தன.

முதலில் அவளுக்கு அது பிடிபடவில்லை. அவளுடைய அப்பா கவி பாடுகிறவர். எழுத்துகள் வரியின் முன்பக்கத்தில் பொருந்துவதைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். ஆகவே 'பிளேட், பிளீஸ், பிளக்' என்று தலை ஒத்த சொற்களாய்ப் பார்த்து இரண்டு பக்கம் நிரப்பினாள். பிறகு ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"எங்கட பாட்டு தலையில பொருந்துது, அவங்கட பாட்டு வாலில பொருந்துது அண்ணே!"

அதன்பின் கொப்பி கொழுத்தது. சன் என்றால் சூரியன், றன் என்றால் ஓடு, ஃபன் என்றால் வேடிக்கை, பன் என்றால் தேத்தண்ணியோடு சாப்பிடுவது. மாமரத்தடியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் "றைஸ், நைஸ், ஐஸ்" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடித்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு சொல் வந்துவிடும் என்பாள்.

உதயரூபனுக்கு அந்த மாதம் திடீரென்று சட்டைகள் பெருத்துப் போயின. மொத்தம் ஏழு சட்டைகளைச் சின்னதாக்கத் தனுஷியாவிடம் கொண்டுபோனான். அவனுக்குச் சொந்தமாக இருந்தவை இரண்டு. மற்ற ஐந்தும் என்னுடையவை. எனக்கோ வயிறு கொஞ்சம் முன்னுக்கு நிற்கும். அவன் அளவில் திரும்பிவந்த சட்டைகளை நான் என்ன செய்ய? "டேய், கேக்கிறதை நேராக் கேளன்" என்று ஒருநாள் ஏசினேன். அவன் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாட்ட வந்து கேளுங்க" என்றாள்.

அம்மா என்பது புஸ்பம் மாமி. வாவியைப் போலத்தான் அவரும். மேலே அசைவே தெரியாது, ஆழம் பார்த்தவர்கள் கிடையாது.

அந்த ஆவணியில் நாங்கள் தகரக் கொட்டில்களுக்கு மாறியிருந்தோம். பெண் கேட்டுப் போக உதயனுக்கு நல்ல சட்டை இல்லை. மிஞ்சிக் கிடந்த மூட்டைக்குள் தலைகீழாக நுழைந்து, கடையின் விலைச்சீட்டுகூடக் கழற்றாத புதுச்சட்டை ஒன்றை எடுத்தது நான்தான். கடும் நீலம், கழுத்துப்பட்டி வைத்தது, அளவெடுத்ததுபோல் இருந்தது. நெஞ்சில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. கம்பனியின் பெயராக இருக்கும் என்றேன். அவளிடமே கேட்கலாமா என்றான் அவன். "பொம்புளை பாக்கப் போற சட்டையைப் பொம்புளையிட்டயே காட்டுறதா? உனக்கு விசரா?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

வெற்றிலையும் வாழைக்குலையுமாகப் போனோம். புஸ்பம் மாமி பாய் போட்டார். தனுஷியா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். உதயனின் நெஞ்சைப் பார்த்தாள். தட்டிலிருந்த கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முகம் சிவந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நின்றது.

மாமியின் கண் தட்டிலிருந்து மகளின் முகத்துக்குப் போய், அங்கிருந்து சட்டைக்குப் போனது.

"என்ன புள்ள அதில எழுதியிரிக்கு?"

ஊர் முழுக்க அறியும், தனுஷியா அர்த்தத்தில் பொய் சொல்ல மாட்டாள். அது கெட்ட வார்த்தையாக இருந்தால் கலியாணம் அந்தப் பாயிலேயே முடிந்தது. உதயன் சட்டையைக் குனிந்து குனிந்து பார்த்தான். தலைகீழாகத் தெரிந்திருக்கும், பாவம்.

தனுஷியா தட்டைக் கீழே வைத்தாள்.

"தெரியா அம்மா," என்றாள். "அகராதி பாக்கோணும்."

"பாத்துச் சொல்லு. அவசரமில்ல," என்றார் மாமி. எங்களிடம், "அடுத்த கிழமை வாங்க மகன், யோசிச்சுச் சொல்றன்" என்றார்.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் காத்தான்குடிக்குப் பறந்தோம். முனாப் காக்கா கண்ணாடியைப் போட்டுப் படித்தார். படித்ததும் துணிக்கட்டு மேல் விழுந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"தம்பி, 'நோ வைஃப், நோ ஸ்ட்றைஃப்' எண்டு இரிக்கு. பொஞ்சாதி இல்லாட்டிச் சண்டையும் இல்ல எண்டு அர்த்தம். இதைப் போட்டுக்கிட்டா பொண்ணு கேக்கப் போன நீங்க?"

உதயன் கடை வாசலிலேயே குந்திவிட்டான். என்னை அவன் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவனுடைய முகம் மாறியது.

"மச்சான், அவள் தெரியாது எண்டாள்," என்றான். "வைஃப் எண்டா என்னண்டு அவளுக்குத் தெரியாதா?"

கொப்பியின் நாலாம் பக்கத்தில் 'வைஃப், லைஃப், நைஃப்' இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மனைவி, வாழ்க்கை, கத்தி. அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. உதயன் எழுந்து நின்று சைக்கிள் மணியைச் சும்மா அடித்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு சந்தோசம்.

இனி அவள் பொய் சொல்லத் தேவையில்லாமல் சட்டையையே திருத்துவது என்று தீர்மானித்தோம். தோணிக்குப் பூசுகிற தாரை எடுத்து முதல் 'நோ'வின் மேல் அப்பினேன். அடுத்த கிழமை அதே சட்டையோடு போனோம்.

"அகராதி பாத்தியா?" என்றார் மாமி.

"பாத்தன் அம்மா. பொஞ்சாதி, சண்டையில்ல எண்டு இரிக்கு." உள்ளதை உள்ளபடிதானே சொன்னாள்.

மாமி தார்க்கறையைப் பார்த்தார். "இதென்ன மகன்?"

"தோணிக்குத் தார் பூசக்குள்ள பட்டிட்டு மாமி."

"கோடு போட்டு அளந்த மாதிரியெல்லே பட்டிரிக்கு," என்றார் மாமி. நாங்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். ஆனால் அவர் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார். "சம்மதம். ஆனா வீடு வரட்டும். மகளுக்கு வீடு குடுக்காம எங்கட குடும்பத்தில ஒரு தாயும் கலியாணம் செஞ்சு வைச்சதில்ல."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவார். வீடு தாய் மகளுக்குக் கொடுப்பது. அந்த வீடு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நாலு வருசம் இழுபட்டது. நடுவில் யுத்தம் திரும்பவும் வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த தமக்கையைப் பார்க்கப் போன உதயன் அங்கேயே மாட்டிக்கொண்டான். ஷெல் அடிக்கிறார்கள், சனம் ஓடுகிறது என்று மட்டும் கேள்விப்பட்டோம். மாதக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. அந்த மாதங்களில் தனுஷியா கொப்பியில் ஒரேயொரு பக்கம்தான் எழுதினாள். நியர், கிட்ட. ஃபியர், பயம். ரியர், கண்ணீர். டியர், அன்புக்குரிய. அதைப் படித்துவிட்டு நான் வாவிக்கரையில் போய் அழுதேன். அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்தவன் நான் அல்லவா, அவன் பொறுப்பு என் தலையில் இருப்பதுபோல் ஒரு நினைப்பு.

ஒரு காலையில் அவன் வந்துசேர்ந்தான், தமக்கை பின்னால் வர, அவளுடைய பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, மெலிந்து கறுத்து, அதே நீலச் சட்டையோடு. ஓடும்போது உடம்பில் இருந்தது அதுதானாம். தார் உரிந்து 'நோ' பல்லைக் காட்டியது. தனுஷியா சட்டையைக் கழற்றித் தரச்சொன்னாள். அழுதுகொண்டே அந்த 'நோ'வின் மேல் ஒரு பொக்கற்றைத் தைத்தாள். உலகத்தில் எல்லாச் சட்டைக்கும் பொக்கற் இடப்பக்கம், அவனுடையதற்கு மட்டும் வலப்பக்கம். புஸ்பம் மாமி அதையும் பார்த்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. பக்கத்துக் கொட்டில்களில் யுத்தத்தில் காணாமற்போன பிள்ளைகளை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை மறைத்து எழுத என்னால் முடியாது. ஆனாலும் பாதைகள் திறந்தன, சீமெந்து வந்தது, புஸ்பம் மாமியின் வீட்டுக்கு ஓடு ஏறியது. ஆவணியில் கலியாணம். முனாப் காக்கா கூறைச் சேலையோடு வந்து முன்வரிசையில் இருந்தார். அன்னப்பூரணியக்கா குரவை போட்டார், அந்தச் சத்தம் வாவிக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

தாலி கட்டி முடிந்ததும் மாமி பிஸ்கட் தகரம் ஒன்றைத் திறந்து வீட்டின் உறுதிப் பத்திரத்தை மகளின் கையில் கொடுத்தார். உறுதியோடு சேர்ந்து சீமெந்துப் பையிலிருந்து கிழித்த கடதாசித் துண்டு ஒன்றும் வந்தது. கரியால் எழுதியிருந்தது. 'நோ வைஃப், நோ ஸ்ட்றைஃப்', எழுத்துக்கு எழுத்து, கோலம் போட்டதுபோல் உருண்டையாக.

தனுஷியா அதையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமிக்கு ஏபீசீ தெரியாது. ஆனால் ஒருமுறை பார்த்த கோலத்தை அவர் மறந்ததும் கிடையாது. முனாப் காக்கா இருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"அடுத்த நாளே காக்காட்டக் கொண்டுபோய் அர்த்தம் கேட்டுட்டன்," என்றார் மாமி.

"தெரிஞ்சுகொண்டா சம்மதிச்சீங்க?" என்றான் உதயன்.

"சட்டையில இருந்ததுக்கா சம்மதிச்சன்?" மாமி மகளின் கன்னத்தைத் தடவினார். "நீ ஒருநாளும் தெரியா எண்டு சொன்னதில்ல புள்ள. அண்டைக்கு இந்தப் பொடியனுக்காகச் சொன்னாய். அதுக்கு அர்த்தம் பாக்க எனக்கு அகராதி வேணுமா?"

தனுஷியா மணவறை அலங்காரமெல்லாம் கலையத் தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். சிரிக்கவும் செய்தாள். நாங்களும்தான்.

அடுத்த கிழமை அவள் அந்தப் பொக்கற்றைப் பிரித்தாள். இன்னும் நீளமான பொக்கற் ஒன்றை வெட்டி, மேல்வரி 'நோ'வையும் கீழ்வரி 'நோ'வையும் சேர்த்து மூடித் தைத்தாள். உதயன் அதை இப்போதும் சந்தைக்குப் போட்டுக்கொண்டு வருகிறான். வெளியே தெரிவது 'வைஃப், ஸ்ட்றைஃப்' மட்டும்தான். பொஞ்சாதி, சண்டை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"உள்ளதை உள்ளபடி சொல்லோணும் எண்டு முதல் நாளே சொன்னனே அண்ணே," என்றாள்.