யாரும் கூப்பிடாத வகுப்பு

நான் சேர ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் எங்கள் எஸ்டேட்டைவிட வயதில் மூத்தது. சாந்தன்பாறையில், ஏலக்காட்டுக்கு நடுவே, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அதன் செங்கல் கட்டிடத்தை போனில் பார்த்துப் பார்த்து எனக்குக் கிறுக்கே பிடித்திருந்தது. வரலாற்றில் எம்.ஏ. படிக்க வேண்டும், படித்தால் அங்கேதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "எடத்தப் பாத்துட்டுச் சொல்லுறேன்" என்றார். பி.எட். படித்தால் டீச்சர் ஆவாள், இதைப் படித்து என்ன ஆகப்போகிறாள் என்று லயத்தில் ஆளாளுக்கு அவர் காதைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. அவரை மீறிப் போகிற தைரியம் எனக்கு இல்லை.

நல்ல வேளையாக, சேர நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம், வீட்டாரையும் அழைத்து வரலாம் என்று அங்கே வரலாற்றுத் துறையில் அறிவித்திருந்தார்கள். போடிமெட்டு மலையிறங்கி, பஸ் மாறி, ரயில் ஏறிப் போனோம். அப்பா ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார்.

துறையின் வாசலில் பெரிய முற்றம். அங்கே போய் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் எங்களைத் தாண்டிப் படியேறி உள்ளே போனார்கள். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். எஸ்டேட் ஆபீசில் அதுதான் வழக்கம். தொழிலாளி முற்றத்தில் நிற்க வேண்டும்; உள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் படியில் கால் வைக்கலாம். வந்திருக்கிறேன் என்று நாமாகச் சொல்வதுகூட அதிகப்பிரசங்கித்தனம்.

"கூப்புடுவாக, நில்லு" என்றார் அப்பா.

டிகிரி முடித்த நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே கோபமும் வருகிறது. உள்ளே பாடம் ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து வாசலோடு திரும்பப் போகிறோம் என்று எனக்கு அழுகை முட்டியது.

பேராசிரியர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்திருக்க வேண்டும். கையில் சாக்பீஸோடு வெளியே வந்தார். நரைத்த தலை, பருத்திப் புடவை.

"யாரப் பாக்கணும்?"

"வகுப்பப் பாக்க வந்தோம் மேடம். இன்னும் கூப்புடல" என்றார் அப்பா.

"இங்க யாரும் கூப்பிட மாட்டாங்கய்யா. கதவு தொறந்துதான் இருக்கு, வாங்க."

அப்பா செருப்பைக் கழற்றப் போனார். அப்படியே வரலாம் என்று சொல்லிப் பேராசிரியர் முன்னால் நடந்தார். நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

திரையில் ஒரு பழைய கோயில் சுவரின் படம். முழுச் சுவரும் ஒரே அரசன் காலத்தில் கட்டப்பட்டது என்று விளக்கி, அதைப் பலகையிலும் எழுதினார் பேராசிரியர். முன் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, எழுந்திருக்காமலே, "இல்ல மேம், கீழ் வரிசைக் கல்லு வேற மாதிரி இருக்கு. அது முன்னாடியே கட்டினதா இருக்கும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பேராசிரியர் திரைக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்தார். "நான் வருஷக்கணக்கா இதையே சொல்லிக்கிட்டிருக்கேன். நீ சொல்றதுதான் சரின்னு தோணுது. பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார். பிறகு தான் எழுதியதைத் தானே துடைத்தார். அந்தச் செங்கல் கட்டிடத்தின் வளைவுகளையும் உயரத்தையும் பார்த்து நான் வாயைப் பிளந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அவர் பலகையைத் துடைத்தபோதுதான்.

வகுப்பு முடிந்ததும் அப்பா நேராக அவரிடம் போனார். என்ன கேட்கப்போகிறாரோ என்று நான் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், அந்தப் புள்ளைய நாளைக்கு உள்ள விடுவீகளா?"

"எந்தப் புள்ள? ஏன் விடாம?"

"ஒங்கள எதுத்துப் பேசிருச்சே."

எங்கள் ஊரில் மேனேஜரிடம் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் மறுநாள் வேலை கிடையாது. பேராசிரியருக்கு அது எப்படித் தெரியும்? ஆனாலும் அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "அவ நாளைக்கும் வரணும், பேசணும். பேசலைன்னாத்தான் எனக்குக் கவலை."

அப்பா தலையாட்டினார். முற்றத்தைத் தாண்டி கேட் வரைக்கும் வந்துவிட்டோம். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னப்பா, சேரட்டுமா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் நின்றார். என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"அந்தப் புள்ள அம்புட்டுப் பேசுச்சு. நீ ஏம் பாப்பா ஒண்ணுமே கேக்கல?"