‘குறிப்பு எதுவும் இல்லை’ என்று அழுத்திய நாள்

போன வருடத்துக்கு முந்தைய வருடம், செப்டம்பரில் முதல் மழை கொட்டிய நாள் அது. இத்தாலியில் பலெர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்தில், முந்திரிகைப் பழத்தைப் பெட்டிகளில் அடுக்கி ஜெர்மனிக்கு அனுப்பும் ஒரு கிடங்கில் அப்போது எனக்கு வேலை. திராட்சை என்றால்தான் சிலருக்கு விளங்கும். முதலில் அந்த அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கத்தான் போனேன். எனக்கு இத்தாலியன் எழுத வாசிக்க வரும் என்று கண்டுபிடித்த முதலாளி, இரண்டாம் வருடம் என் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, லொறிகளை அனுப்பும் மேசையில் என்னை இருத்திவிட்டார்.

எழுத வாசிக்க வரும் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். இந்த நாட்டில் தங்குவதற்குத் தரும் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் படிவம் நிரப்ப வேண்டுமென்றால், பல்லரோச் சந்தைப் பக்கத்து எங்கள் சனத்தில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவிலில் நாங்கள் இருக்கும் வாங்கிலேயே கடை விரித்துவிடுவேன். பேரைச் சொல்லுங்கள், பிறந்த திகதியைச் சொல்லுங்கள், இங்கே கையெழுத்து வையுங்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டியதில்லை. அதற்கு எங்கே நேரம்?

எங்கள் கிடங்குக்கு வரும் லொறிச் சாரதிகளில் வன்னியில் இருந்து வந்த ஒருவரும் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய படிவத்தை நிரப்பியவள் நான், வயது எனக்குத் தெரியாதா? ஊரில் இருந்த மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிட அவர் போட்டிருந்த விண்ணப்பத்தையும் நான்தான் எழுதியிருந்தேன். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவர். விண்ணப்பத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது அவருடைய வேலை ஒப்பந்தம் மட்டும்தான்.

லொறியில் ஏறும் சரக்கோடு சி.எம்.ஆர். என்று ஒரு பத்திரம் போகும். முன்பெல்லாம் அது சிவப்பு, நீலம், பச்சை என்று ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிய தாள்கள். ஏற்றும்போது சரக்கில் ஏதும் குறை கண்டால் சாரதி அதை எழுதிவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார். எழுதாமல் வைத்தால், நல்ல நிலையில் பொறுப்பெடுத்தேன் என்று அர்த்தம். பிறகு என்ன பழுது வந்தாலும் அது லொறிக்காரர் தலையில்தான். இவருக்கு இத்தாலியன் சரளமாகப் பேச வரும், எழுத வராது. ஆனால் நாலு வசனத்தை மட்டும் பாடமாக்கி வைத்திருந்தார். பெட்டி உடைந்திருக்கிறது, பெட்டி நனைந்திருக்கிறது, எண்ணிக்கை குறைகிறது, அடுக்கு சாய்ந்திருக்கிறது. பேனையை ஊன்றி எழுதுவார், கடைசித் தாள் வரைக்கும் பதியும். நான் பகிடி பண்ணினால், “இந்த நாலும் காணும் அக்கா, ஐரோப்பா முழுக்கச் சுத்தி வருவன்” என்பார்.

அந்த வருடம் ஜெர்மன்காரர் இனித் தாள் வேண்டாம், எல்லாம் போனில்தான் என்று சொல்லிவிட்டார்கள். நான் இரண்டு நாளில் பழகிவிட்டேன். அவருக்குத்தான் அது ஒத்துவரவில்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் ஒரு நீண்ட பட்டியலில் சரியானதைத் தேடிப் பிடிக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், எத்தனை பெட்டி என்று போட வேண்டும். பொடி எழுத்து வேறு. அவருடைய நாலு வசனத்துக்கு அங்கே இடமில்லை. தடவித் தடவி நிற்பார், பின்னால் மற்ற லொறிகள் ஹோர்ன் அடிக்கும். “இஞ்சை தாங்கோ” என்று நான் போனைப் பறிக்காத குறையாக வாங்கி அழுத்திவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் அவரிடம் நீட்டுவேன். நன்றி சொல்லிவிட்டு விரலால் கீறுவார்.

அன்றைக்கு மழைக்குக் கிடங்கின் முன்கூரை ஒழுகி, வெளியில் வைத்திருந்த பெட்டிகள் நனைந்துவிட்டன. லொறிகளை ஏற்றிக்கொண்டு ஜெனோவா போகும் கப்பலுக்கு நேரமாகிவிட்டது. முதலாளி வாசலில் நின்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். வன்னிச் சாரதி பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அக்கா, ரெண்டு அடுக்குப் பெட்டி அடியிலை நல்லா நனைஞ்சு போச்சு. எழுதிவிடுங்கோ.”

“ஓம் ஓம், எழுதிறன்” என்றேன்.

எழுதவில்லை. போனில் படம் எடுக்கும் பக்கம் முழுதாகத் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. முதலாளி மறுபடி கத்தினார். தாளில் என்றால் கையெழுத்து வைத்த பிறகும் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடலாம், எத்தனையோ தடவை செய்திருக்கிறோம். இதையும் பிறகு எழுதலாம் என்று நினைத்து, பச்சையாகத் தெரிந்த ‘குறிப்பு எதுவும் இல்லை’ என்பதை அழுத்திவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள், அவசரப்பட்டவள் நான்தான்.

லொறி போன பிறகு என் கணினியில் அந்தப் பத்திரத்தைத் திறந்தேன். பூட்டிவிட்டது. கையெழுத்து விழுந்த பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாதாம். பிறகு, இரண்டு அடுக்குப் பெட்டி நனைந்ததற்கு யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவருக்கு ஒரு போன் அடித்து, உடனே உங்கள் லொறிக் கம்பனியிடம் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. ஈரப் பெட்டிகள் வழியில் நைந்து, மேலே இருந்தவையும் சரிந்து, பழம் நசிந்து பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். லொறி நிறையப் பழத்தையும் ஜெர்மன்காரர் திருப்பிவிட்டார்கள். பத்திரம் குறிப்பு எதுவும் இல்லாமல் சுத்தமாக இருந்ததால் எங்கள் கிடங்கின் மேல் பழியில்லை. சாரதி மழையில் கதவைத் திறந்து வைத்திருந்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். முதலாளி என் மேசைக்கு வந்து, நல்ல வேலை செய்தாய் சிஞோரா, உன் பத்திரம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று பாராட்டினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைப் போல எதுவும் எரித்ததில்லை.

சாரதியை வேலையில் இருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்றும், அந்த மாதக் கடைசியில் புதுப்பிக்க இருந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். ஒப்பந்தம் இல்லையென்றால் மனைவியும் மகளும் வர மாட்டார்கள் என்பது, அந்த விண்ணப்பத்தை எழுதிய எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வீட்டில் சொன்னேன். “வாயைத் திறக்காதை. உன்ர பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. வேலை போனா நாங்கள் என்ன செய்யிறது?” என்றார் என் மனுசன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நானும் பயந்தவள்தான். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் சாரதி இருந்த அறையைத் தேடிக் கால்சாப் பகுதிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை. நானே வாசலில் நின்று கேட்டேன், அழுத்தியது நான் என்று கம்பனியிடம் ஏன் சொல்லவில்லை என்று.

“கேட்டவங்கள். என்ர விரல்தான் எண்டு சொன்னன். கையெழுத்து என்ரதுதானே. உங்கட பேரைச் சொன்னா உங்களையும் வேலையாலை எடுத்துப்போடுவாங்கள்.”

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“பேப்பரிலை எண்டா நானே எழுதியிருப்பன் அக்கா” என்றார்.

அடுத்த நாள் காலை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் இத்தாலியனில் எழுதினேன். பெட்டிகள் நனைந்தது எங்கள் கூரையில், அவர் எழுதச் சொன்னார், எழுதாமல் அழுத்தியது நான். முதலாளி வாசித்துவிட்டு, அமைதியாக, இதைக் கிழித்துப் போடு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்றார். அவருக்குக் கொடுத்தது பிரதிதான். கையெழுத்திட்ட தாளைப் பதிவுத் தபாலில் லொறிக் கம்பனிக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலைக்கே போயிருந்தேன். எங்கே மனம் மாறிவிடுமோ என்ற பயம்தான். அடுத்த கிழமை என் மேசையில் வேறொருவர் இருந்தார். நான் இப்போது ஒரு இத்தாலியச் சிஞோராவின் வீட்டில் வேலை செய்கிறேன். பெர்மெஸ்ஸோவும் ஒருபடியாகக் கிடைத்தது. என் கதை அவ்வளவு பெரிதில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு சாரதியை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் அதற்குள் குடும்பத்துக்கான விண்ணப்பம் செல்லாமல் போய்விட்டது. முதலில் இருந்து போட வேண்டும். இனி என்னிடம் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் எழும்பும்போது, வெறும் படிவத்தோடு வந்து பக்கத்தில் இருந்தார். பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். அவர் படிவத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பேனையைத் திறந்தார்.

“நீங்கள் வாசியுங்கோ அக்கா. விளங்கிச்சுதெண்டா நானே எழுதிறன்.”

நான் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, அது எதற்குக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டுக் கேட்டு எழுதினார். மகளின் பேரை எழுதும்போது இரண்டு தடவை சரி பார்த்தார். பத்து நிமிடத்தில் நான் நிரப்பித் தள்ளும் படிவம், முடிய இரண்டு ஞாயிறு எடுத்தது.

மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள், வரவேண்டிய நாளுக்குப் பதினொரு மாதம் பிந்தி. போன மாதம் வியா மக்வேதாத் தெருவில் மூவரையும் கண்டேன். “எங்களுக்குப் பேப்பர் எழுத உதவி செய்த அன்ரி இவதான்” என்று அவர் மகளுக்குச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. பிள்ளை தகப்பனின் கையை விடாமல், வெட்கத்தோடு எனக்கு நன்றி சொன்னாள்.

இப்போது யார் படிவத்தையோ போனையோ நீட்டினாலும் வாசித்துச் சொல்லுகிறேன், எழுதுவதும் அழுத்துவதும் அவர்கள்தான். உதவி செய்கிறேன் என்று இத்தனை வருடம் எத்தனை பேரின் வாயை நான் அடைத்திருப்பேனோ என்ற நினைப்பு, அந்தப் பிள்ளை சொன்ன நன்றியோடு சேர்ந்து இன்னும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.