‘நல்லா இருக்கேன் லா’

சிங்கப்பூரில், ஜாலான் புசார் சாலையைக் கடக்கும்போது ஒரு சரக்கு வேன் என்னை இடித்துத் தள்ளியது. வலது தோள்பட்டையில் தசைநார் கிழிந்துவிட்டது. கல்யாணப் பெண்களுக்கு ஜடை அலங்காரம் செய்வது என் தொழில். கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாதவள் யாருக்குப் பின்னுவது? இழப்பீடு கேட்டு ஒரு வழக்கறிஞரிடம் போனேன். சின்ன வயதுத் தமிழ்ப்பெண்.

சில மாதம் கழித்து அவர் கூப்பிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் என் சமூக வலைத்தளப் பக்கத்தைப் படித்திருக்கிறார்களாம். பொங்கல் சமயம், லிட்டில் இந்தியாவில் கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டி நிற்கிறேன். அந்தப் படத்துக்குக் கீழே, ஈசூன் பக்கம் இருக்கும் என் அக்கா, “தோள் எப்படிடி இருக்கு?” என்று கேட்டிருந்தாள். “முருகன் புண்ணியத்துல நல்லா இருக்கேன் லா” என்று நான் போட்டிருந்தேன். அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, குணமாகிவிட்டதென்று நானே எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். முருகனைக்கூடப் பெயர்த்தவர்கள் எங்கள் ஊர்ப் பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்ளும் அந்த லாவை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அடப்பாவிகளா! கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அதைவிட ஆர்வம்தான் பெரிதாக இருந்தது. யார் உட்கார்ந்து படித்திருப்பார்? நான் போட்ட இட்லிப் படத்தையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்திருப்பாரோ?

“அன்னைக்கு உண்மையிலேயே நல்லா இருந்தீங்களா ஆண்டி?” என்று கேட்டார் வழக்கறிஞர்.

“ஜாக்கெட் கொக்கியைக்கூட மகதான் மாட்டிவிட்டா. அக்காவுக்கு பிரஷர் இருக்கு, வேற என்னத்தச் சொல்றது? யார் கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதானே சொல்வோம்?”

“எனக்குத் தெரியும். அவங்களுக்கு ப்ரூஃப் வேணும். எதையும் டெலீட் பண்ணிடாதீங்க, அப்புறம் மறைச்சிட்டீங்கன்னு சொல்வாங்க.”

வீட்டில் உட்கார்ந்து பழைய பதிவுகளைத் தேடினேன். காய்ச்சலில் கிடந்த நாள்: நல்லா இருக்கேன். கடைவாய்ப் பல் பிடுங்கிய நாள்: சூப்பரா இருக்கேன் லா. எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. இன்னும் பின்னால் போனதும் விரல் நின்றுவிட்டது. என் கணவர் இறந்த மூன்றாம் நாள். பள்ளித்தோழி ஒருத்தி எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். “நல்லா இருக்கேன்டி, நீ கவலைப்படாதே.”

அதை வழக்கறிஞரிடம் காட்டினேன். “இதை அவங்களுக்கு அனுப்பலாமா? உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாம் ஆண்டி.”

முன்பின் தெரியாத யாரோ காப்பி குடித்துக்கொண்டே அந்த நாளைப் படிப்பார். தோள் வலிக்கிறது என்று நம்பவைக்க அதையும் கொடுக்கவேண்டுமா? எரிச்சலோடுதான் தலையாட்டினேன்.

மருத்துவ அறிக்கையோடு அதுவும் போனது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது; அந்தப் பொங்கல் பதிவை இனி ஆதாரமாகக் காட்டமாட்டார்களாம். “ஜெயிச்சிட்டோம் ஆண்டி!” என்று வழக்கறிஞர் கடிதத்தை நீட்டினார். கடைசியில் ஒரு வரி இருந்தது. கணவரை இழந்ததற்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவர் போன நாளிலிருந்து நான் யாரிடமும் அழுததில்லை. அங்கேயே, அந்தப் பெண்ணின் மேசை முன்னால், ஓவென்று அழுதுவிட்டேன்.