லேசா ஏதாவது போதும்!

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டில் ஆட்டுரல் சத்தம் கேட்கவில்லை. எனக்குப் பகீரென்றது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தும் அந்த வீட்டு உரலில் குழவி உருளவில்லை என்றால்... ஒன்று, கனகமணிக்கு உடம்பு சரியில்லை. அல்லது அவள் கணவர் விரதத்தை விட்டுவிட்டார். இரண்டாவதற்கு வாய்ப்பே இல்லை.

கனகமணி மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய், நசுங்கி வருகிறவள். கணவர் பரமசிவம் அண்ணாச்சிக்கு இங்கேயே சங்கரன்கோவில் கடைவீதியில் ஜவுளிக்கடை. நல்ல மனுஷர். பீடி, வெற்றிலை, சீட்டு எதுவும் கிடையாது. ஒரே கெட்ட பழக்கம் — விரதம்!

எங்கள் ஊர்ச் சாமி பாதி சிவன், பாதி பெருமாள். ஒரு பக்கம் கும்பிட்டு மறுபக்கம் கோபித்துக்கொண்டால்? அதனால் அண்ணாச்சி சிவன் பாதிக்குத் திங்கட்கிழமை, பெருமாள் பாதிக்குச் சனிக்கிழமை, பொதுவாகக் கோமதியம்மனுக்கு வெள்ளிக்கிழமை என்று ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டார்.

"சோத்தைத் தொட மாட்டேன் கேட்டியா? லேசா ஏதாவது பலகாரம் போதும்."

லேசா! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் அடுப்படிப் பக்கமே போயிருக்க மாட்டான்.

சோறு என்றால் வடித்து இறக்கிக் காலையில் வைத்த குழம்பைச் சுடவைத்தால் தீர்ந்தது. பலகாரம் அப்படியா? திங்கள் இடியாப்பம், அதற்குத் தேங்காய்ப்பால். வெள்ளி அடை, கூடவே அவியல். சனி தோசை, இரண்டு சட்னி. ஒருநாள் பாவம், அசதியில் ரவை உப்புமா கிண்டிவிட்டாள். "நான் விரதம் இருக்கேனா, ஆஸ்பத்திரியில படுத்திருக்கேனா?" என்று கேட்டாராம் அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு விரதம் கிடையாது. அவர்களுக்குத் தனியாகச் சோறு!

சோற்றை விட்ட புண்ணியம் அவருக்கு. மாவாட்டுகிற பாடு இவளுக்கு. இந்தப் பங்கீட்டை எந்தச் சாமி போட்டுக் கொடுத்தது?

இந்த லட்சணத்தில் கனகமணி தபாலில் எம்.ஏ. படிக்கிறாள். ஒரே ஒரு பேப்பர் பாக்கி. போன தடவை கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் போனால், அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவருக்கு ப்ரமோஷன் போய்விடும். படிக்கக் கிடைப்பதே சாயங்காலம்தான். அந்தச் சாயங்காலத்தைத்தான் அண்ணாச்சி தேங்காய்ப்பாலில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பரீட்சை முடியுத வரைக்கும் சோறு சாப்பிடுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தாளாம்.

"சாமி காரியத்துல வெளையாடாதட்டி!"

முடிந்தது. சாமியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்ட புருஷனிடம் என்ன பேச முடியும்?

அதனால்தான் அன்றைக்கு உரல் சத்தம் இல்லாதது எனக்குத் திக்கென்றது. சுவரை எட்டிப் பார்த்தேன். கனகமணி முற்றத்து விளக்கடியில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. நானும் விரதம்லா!"

"நீயுமா?"

"அம்மனுக்கு நேந்திருக்கேன். பரீட்சை பாஸாகுத வரைக்கும் இவியளுக்கு என்னைக்கு விரதமோ எனக்கும் அன்னைக்கு விரதம். என்னது கொஞ்சம் கடுமை. பொழுது அடைஞ்சா அடுப்பு பத்த வைக்கக் கூடாது, உரலைத் தொடக் கூடாது. பிள்ளையளுக்கு வெளிச்சத்தோட சோறு வடிச்சு வச்சுட்டேன்."

"அண்ணாச்சி என்ன சொல்லுதாரு?"

"சாமி காரியத்துல என்ன சொல்லுவாவ?"

அடி சக்கை!

கடையைச் சாத்திவிட்டு வந்த அண்ணாச்சியின் தட்டில் நனைத்த அவல், கொஞ்சம் சீனி, ஒரு வாழைப்பழம். பக்கத்தில் பிள்ளைகள் வத்தக்குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்கள். மணம் சுவர் தாண்டி எனக்கே வந்தது. சுவரோரம் நின்றது நாகரிகமில்லைதான்... அதற்காக இதை விட முடியுமா?

"என்னட்டி இது?"

"லேசா ஏதாவது போதும்னியளே?"

சனிக்கிழமையும் அவல். திங்கட்கிழமை ராத்திரி அண்ணாச்சிக்கு ஞானம் பிறந்துவிட்டது. "சாமி என்ன, வயித்தையா பாக்கப் போறாரு? மனசு சுத்தமா இருந்தாச் சரி. எனக்கும் ரெண்டு கரண்டி சோறு போடு." இதே ஞானம் இத்தனை நாளாக எந்தத் தோசைக்கு அடியில் கிடந்ததோ!

'ராத்திரிக்குச் சுலபமாக என்ன செய்யலாம், அதையும் எழுதுங்களேன்' என்று கேட்கும் வாசகிகளே, பிடியுங்கள். அவலைக் களைந்து வையுங்கள். சீனி தூவுங்கள். எண்ணெய், அடுப்பு எதுவும் வேண்டாம். ஒரு நேர்ச்சை மட்டும் கட்டாயம்.

புதன்கிழமை கனகமணி பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சம். எனக்கே சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சிக்கும் சந்தோஷம்தான். வேறு காரணம்.

"பரீட்சைதான் முடிஞ்சிட்டே... வெள்ளிக்கிழமை அடைக்கு நனையப் போட்டுரலாம்லா?"

"பாஸாகுத வரைக்கும்னுதான நேந்தேன்? ரிசல்ட் வரட்டும்."

தபாலில் படித்த படிப்புக்கு என்றைக்குங்க சீக்கிரம் ரிசல்ட் வந்திருக்கிறது?