ஆறு மணிக்குக் கோகிலா கேட்ட கேள்வி

செய்தி, நம் ஆரணிப் பட்டுக் கடையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அரக்கு நிறப் புடவை ஒன்றின் படம், அதன் கீழே தாமரைப் பூப் போட்ட ஒரு அஞ்சலிப் படம், அதில் கோகிலாவின் பெயர். அதற்கும் கீழே யாரோ கவனிக்காமல் இன்னொரு புடவையைப் போட்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தார்கள். வேலூரில் நான் இப்போது வேலை செய்யும் அலுவலகத்தில் காலை ஒன்பதரை மணி. டெங்குக் காய்ச்சல், ஐந்து நாள் என்றார்கள். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள் என்றார்கள். அவளுக்கு வயது இருபத்து நான்கு.

முதலில் எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். அவளுக்குப் பட்டுப் புடவை கட்டிவிடுவார்கள். நெசவாளர் வீடு, கல்யாணமாகாத பெண். நல்ல சிவப்பில் அகலமான சரிகைக் கரை வைத்த புடவையை எடுத்துக் கட்டி, மணப்பெண் போலத்தான் அனுப்புவார்கள். கோகிலாவின் தோல் சரிகையைத் தாங்காது. "முள்ளு மேல படுக்கற மாதிரி இருக்குது" என்பாள். சட்டை வாங்கினால் கழுத்துப் பட்டையில் இருக்கும் லேபிளை அன்றைக்கே வெட்டி எறிவாள். பட்டு விற்கும் கடையில் இரண்டு வருடம் வேலை செய்தவள், ஒரு நாளும் பட்டு உடுத்தவில்லை.

ஆரணி பஸ்ஸில் இடம் இருந்தது, நான் நின்றுகொண்டே வந்தேன். கண்ணமங்கலத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. நான் மணியைப் பார்த்தேன், போனை உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன். அந்த வீட்டுக்குப் போய் இதை யாரிடம் சொல்வேன்? கூட்டத்தில் என் பெயரைக் கேட்டாலே எனக்குக் குரல் வெளியே வராது. அதைக் கோகிலாவை அறிந்த நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நீங்களும் நானும் ஒரே கடையில்தான் இருந்தோம்.

அவள் வேலைக்கு வந்த முதல் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், ஆரணி வெயிலில் கணுக்கால் வரை ஏறிய கறுப்பு பூட்ஸ். தலையில் ஒரு பக்கம் மட்டும் ஒட்ட வெட்டிய முடி. காதில் கம்மலுக்குப் பதிலாக ஊக்கு. கடை திறந்து போணி ஆகவில்லை. முதலாளி கல்லாவில் இருந்து பார்த்தார்.

"ஏம்மா, போணி ஆவறதுக்குள்ள கறுப்பு போட்டுகினு வாசல்ல நிக்கறியே, யாராச்சும் உள்ள வருவாங்களா?"

அவள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். "இப்ப யாரும் வர்லீங்க. நான் வர்றதுக்கு முன்னாடியும் யாரும் வர்ல."

புடவை மடித்துக்கொண்டிருந்த சரளா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் எதிர்த்துப் பேசவில்லை, பார்த்ததைச் சொன்னாள். அது முதலாளிக்குப் புரியவில்லை. அவளை வாசலிலிருந்து எடுத்து, மாடிக்கு, நான் வீடியோ காலில் புடவை காட்டும் அறைக்கு அனுப்பினார். அவருடைய சகுன பயத்தால்தான் எனக்குக் கோகிலா கிடைத்தாள்.

அப்போது எங்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. போனில் பார்த்து வாங்கியவர்கள், நிறம் வேறாக இருக்கிறது என்று புடவையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனை மாற்றினோம், விளக்கை மாற்றினோம். கோகிலா இரண்டு நாள் பேசாமல் சுவரைப் பார்த்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்: "சுவரு ரோஸ் கலரு. அந்த ரோஸு புடவை மேல விழுது. என் மேல போட்டுக் காட்டு. நான் கறுப்பு, என்கிட்டேர்ந்து ஒண்ணும் விழாது." அவள் சட்டையின் மேல் மெல்லிய கறுப்புத் துணி ஒன்றை ஊக்கால் குத்தி, அதன் மேல் புடவையைப் பிரித்துப் போட்டோம். பட்டு கழுத்தில் படாமல் இருக்க அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வாள். மாம்பழ மஞ்சள், மாம்பழ மஞ்சளாகவே தெரிந்தது. திரும்பி வருவது குறைந்தது. முதலாளி அதன்பின் அவள் உடையைப் பற்றிப் பேசவில்லை. மேலே வந்தால், "கறுப்பு இருக்குதா?" என்று கேட்பார், அவ்வளவுதான்.

வேலைக்கு வந்த மூன்றாவது வாரம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது என்னிடம் கேட்டாள். "தேவி, நாம ஃப்ரெண்ட்ஸா, இல்ல ஒரே ரூம்ல வேலை செய்றவங்களா? எனக்கு மூஞ்சியப் பாத்து கண்டுபிடிக்கத் தெரியாது. சொல்லிடு."

இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. சந்தவாசல் பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது கூப்பிட்டால் போகலாம் என்று காத்திருந்தவள். சிரித்துவிட்டேன். அவள் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேடவில்லை. எட்டு நாள் காத்திருந்தாள். ஒன்பதாம் நாள் நான், "ஃப்ரெண்ட்ஸ்தான்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்த உருளைக்கிழங்கில் சரிபாதியை என் மூடியில் வைத்தாள். மறுநாளிலிருந்து அது தினமும் நடந்தது. அதே உருளைக்கிழங்கு, அதே பாதி. வேறு பொரியல் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் விரல் நகங்களுக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவள், எனக்கும் போடட்டுமா என்றாள். வீட்டில் பார்த்தால் திட்டுவார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து என் இடது காலின் சுண்டுவிரலைக் காட்டினாள். "செருப்பு மறைச்சிடும். உனக்கு மட்டும் தெரியும்." அன்று மாலை வீடு வரும்வரை அந்த ஒரு விரல் என் உடம்பில் தனியாகத் தெரிந்துகொண்டே இருந்தது. பயமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

பிறகு அவள் வேலூரில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனாள், தானாகவே, மூன்று முறை. கடைசி முறை போய் வந்த அன்று கடையில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். "எனக்கு ஆட்டிசம்னு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றாள், பரீட்சை முடிவு போல.

"இதுக்கு யாராச்சும் ஸ்வீட் குடுப்பாங்களாடி?" என்றார் சரளா அக்கா.

"நோய் இல்லக்கா. இத்தினி நாளா எல்லாரும் திமிருன்னாங்க. இப்பதான் சரியான பேரு கிடைச்சுது."

அக்கா பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடலாமா என்று என்னைப் பார்த்தார். நான் சாப்பிட்டேன். அன்றைக்கு அவ்வளவு துணிவு எனக்கு இருந்தது.

அந்தத் துணிவு சேத்துப்பட்டுக் கல்யாணத்தின்போது இருக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நம் கடை ரேவதியின் கல்யாணம். காலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்தில் கூடுவதாக முடிவு. முந்தின நாள் வேன் கிடைத்தது. கடை வாசலிலிருந்து ஆறரைக்கு. "அவகிட்ட சொல்லாதீங்கடி. கல்யாண வூட்டுக்குக் கறுப்பு போட்டுகினு வந்து நின்னான்னா, பொண்ணு வூட்டாரு நம்மளத்தான் கேப்பாங்க" என்று ஒருவர் சொன்னார். யார் என்று எழுதப்போவதில்லை. எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அன்று மாலை ஆறு மணிவரை கோகிலாவும் நானும் அதே அறையில் இருந்தோம். அவள் நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். "ஏழு" என்றேன்.

அவள் ஏழு மணிக்கு பஸ் நிலையத்தில் நின்றிருக்கிறாள். காதை மூடும் பெரிய ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, அந்த இரைச்சலில், எட்டுவரை. பிறகு தனியாக பஸ் பிடித்து மண்டபத்துக்கு வந்தாள். நாம் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். அவள் மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். கல்யாணத்துக்குக் கறுப்பு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். யாரிடமோ இரவல் வாங்கி, லேபிளை வெட்ட முடியாமல் கழுத்தில் உள்பக்கமாகக் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். காலில் மட்டும் அதே பூட்ஸ்.

என் இலைக்கு எதிரே வந்து நின்றாள். "நீ மறந்துட்டியா, இல்ல என்கிட்ட சொல்ல வேணாம்னு முடிவு பண்ணீங்களா?"

கோபம் இல்லை. எது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பந்தி முழுக்க என்னைப் பார்த்தது.

"மறந்துட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. மனிதர்கள் சொல்வதை அவள் நம்புவாள். "மறக்கறது எனக்குத் தெரியும். நானும் நிறைய மறப்பேன். போனைக் குடு." என் இடது கையிலிருந்து போனை வாங்கி ஏதோ செய்து திருப்பித் தந்தாள். அன்று மாலை ஆறு மணிக்கு அது அடித்தபோதுதான் பார்த்தேன். தினமும் அடிக்கும்படி அலாரம் வைத்திருந்தாள். அதில் எழுதியிருந்தது: 'கோகிலாகிட்ட சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்கா?'

பதினோரு மாதம் அது அடித்தது. அது அடித்தால் அவள் வேலையிலிருந்து நிமிர்ந்து, "இருக்கா?" என்பாள். நான், "இல்ல" என்பேன். நான் வேலூருக்கு வேலை மாறிப் போன பிறகும் ஆறு மணிக்கு அவளிடமிருந்து ஒரு சொல் வரும்: இருக்கா? நான் பதில் போடுவேன்: இல்ல. அந்தச் செய்தி வருவதற்கு ஐந்து நாள் முன்பும் அப்படித்தான். 'இல்ல' என்று போட்டேன். அதற்கு அவள், 'எனக்கு இருக்கு. காய்ச்சல்' என்று எழுதினாள். 'மாத்திரை போட்டுத் தூங்கு' என்றேன். மறுநாளிலிருந்து கேள்வி வரவில்லை. அலாரம் மட்டும் அடித்தது. வேலையில் அதை அணைத்துவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தேன்.

வீட்டுக்கு நான் போய்ச் சேரும்போது ஒரு மணி ஆகவில்லை. உள்ளறையில் பெண்கள் இருந்தார்கள். நான் நினைத்த அதே சிவப்பு, கட்டிலில் மடிப்புப் பிரிக்காமல் இருந்தது. கோகிலாவின் பெரியம்மா அதை எடுத்தார். சரளா அக்கா கதவோரம் நின்றிருந்தார். நான் கோகிலாவின் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, பட்டு வேணாங்க. அவளுக்குக் குத்தும்."

"யாரு இந்தப் பொண்ணு?" என்றார் பெரியம்மா. "இனிமே இன்னா குத்தப் போவுது? வந்த எடத்துல பேஜார் பண்ணிகினு. ஊரே வாசல்ல நிக்குது, சட்டை பேன்ட்டோட தூக்கிகினு போவச் சொல்றியா?"

முன்பானால் எழுந்து போயிருப்பேன். "அவளுக்குக் குத்துங்க" என்று மறுபடியும் சொன்னேன்.

அவள் அம்மா என்னையே பார்த்தார். "எந்தச் சட்டை?" என்றார்.

"கறுப்புல வெளுத்துப் போனது. முதுகுல சின்னதா தையல் பிரிஞ்சிருக்கும்."

அவர் எழுந்து, கொடியிலிருந்து அதை எடுத்து வந்தார். கழுத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார், லேபிள் இல்லை. அறையில் இருந்தவர்களை வெளியே போகச் சொன்னார், என்னைத் தவிர. நாங்கள் இருவரும் அந்தச் சட்டையை அவளுக்குப் போட்டோம். அதன் மேல் அவர் பட்டைக் கட்டினார். கழுத்திலும் கையிலும் கரை படாதபடி, நெசவுக்காரரின் விரலால், மடித்து மடித்து உள்ளே விட்டார்.

"மேல இருக்கறது ஊருக்கு" என்றார். "சின்னதுல பள்ளிக்கூடத்துக்கு எத்தினி நாளு அடிச்சி யூனிஃபார்ம் மாட்டி அனுப்பினேன் தெரியுமா? குத்துது குத்துதுன்னுவா. நடிக்கறான்னு நெனச்சேன்."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பறை சத்தம் பெரிதாக இருந்தது. அவளுடைய ஹெட்ஃபோன் ஜன்னலில் தொங்கியது. அதை மறந்துவிட்டோமே என்று ஒரு கணம் ஓடப் பார்த்தேன்.

திரும்பும்போது ஆரணி பஸ் நிலையத்தில் சரளா அக்கா என்னுடன் நின்றார். அன்று கோகிலா ஒரு மணி நேரம் நின்ற இடம் எது என்று தேடிக்கொண்டிருந்தேன். வேலூர் பஸ் வந்தும் ஏறவில்லை. ஆறு மணி. போன் அடித்தது. அக்கா எட்டிப் படித்தார்.

"எல்லாரும் சேர்ந்துதான பண்ணோம்" என்றார். "நீ ஒருத்தியே ஏன்டி இழுத்துப் போட்டுக்கற?"

"என்னைத்தான்கா கேட்டா."

கோகிலா எப்போதும் போட்டிருந்த மோதிரங்களை அவள் அம்மா எனக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். என்னிடம் இருப்பது அந்த அலாரம்தான். அதை நான் அணைப்பதாக இல்லை. மாலை ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தாலும் அது அடிக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இருக்கு, கோகிலா. அன்றைக்கு நான் மறக்கவில்லை. வேன் ஆறரைக்கு என்று எனக்குத் தெரியும்.